மண்ணுக்கு மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண்: மலை வீட்டு வேலியின் கோடைக்காலம்

உறைபனி விட்டதற்கும் கோடை மழை இறங்குவதற்கும் நடுவே நீலகிரியில் எட்டு வாரம் கிடைத்தால் பெரிது. பிப்ரவரி பாதியில் தொடங்கி ஏப்ரல் பிறந்து கொஞ்ச நாள் வரை மண் காய்ந்து கிடக்கும், மரம் காய்ந்து நிற்கும், அடித்த பெயின்ட் பிடிக்கும். வீட்டு வேலிக்கு வருஷத்தில் செய்யவேண்டிய வேலை மொத்தமும் இந்த எட்டு வாரத்துக்குள்தான். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனில் தென்மேற்கு மழை கொட்டத் தொடங்கிவிடும். அங்கே மே கடைசிதான் கெடு. குன்னூர், கோத்தகிரிக்கும் அந்தப் பக்கம் கொடைக்கானலுக்கும் பெருமழை அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்றோடு வருவதால், இன்னும் நாள் இருக்கிறது என்று தோன்றும். இல்லை. ஏப்ரல், மே மழையில் ஒருமுறை நனைந்த மரம், அதற்குப்பின் வரும் மூட்டத்திலும் சாரலிலும் மறுபடி உள்வரை காயாது.

கோடை என்றதும் சூட்டை நினைத்துக்கொள்கிறோம். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானது. இந்த ஊருக்கு அது பெரிய சூடு. ஆனால் வேலியை அந்த 29 டிகிரி ஒன்றும் செய்துவிடாது. கெடுப்பது வெயிலின் கூர்மை. 1000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 விழுக்காடு வீதம் புற ஊதாக் கதிர் கூடுகிறது. 2240 மீட்டரில் இருக்கிற ஊட்டியில் அது சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதிகம் விழவேண்டிய கணக்கு. கோயம்புத்தூரில் நாலு வருஷம் நிற்கிற பெயின்ட் இங்கே அதற்கு முன்னாலேயே சுண்ணாம்புப் பொடியாகிக் கையில் ஒட்டுவது இதனால்தான். கூடவே காற்றின் வறட்சி மரத்தை இழுத்துச் சுருக்குகிறது. நண்பகலில் சூடேறிக் கிடக்கிற கம்பி விடியற்காலையில் ஐஸாகக் கிடக்கிறது. தினம் தினம் இந்த நீட்டலும் சுருக்கலும் நடக்கிறது. மரம், சிமெண்ட், பிளாஸ்டிக், இரும்பின் மேல் அடித்த பெயின்ட் எதுவாக இருந்தாலும் கோடையில் விரிசல் விடும். அந்த விரிசல் வழியாகத்தான் ஜூன் மழை உள்ளே போகும்.

அதனால் முதல் நாள் பெயின்ட் டப்பாவைத் தொடவேண்டாம். ஒரு களைக்கொத்து, ஒரு பழைய திருப்புளி, ஒரு சுத்தியல், ஒரு சாக்பீஸ் போதும். மரத்தூண் வேலியாக இருந்தால் ஒவ்வொரு தூணின் அடியிலும் மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு விலக்குங்கள். மரத்தூண் சாவது உச்சியிலும் இல்லை, ஆழத்தில் புதைந்திருக்கும் அடியிலும் இல்லை. மண்மட்டத்துக்கு மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண், இந்த இடைப்பட்ட கழுத்தில்தான் ஈரமும் காற்றும் சேர்ந்து கிடைக்கின்றன. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு இரண்டும் வேண்டும். மேலே ஈரம் நிற்காது, ஆழத்தில் காற்று போதாது.

மண்ணை விலக்கியதும் திருப்புளியைச் சாய்வாக வைத்துக் கையால் அழுத்துங்கள். நல்ல மரத்தில் நுனி சிக்கி நிற்கும். நெம்பினால் நீளமான சிம்பு பிய்ந்துவரும். கெட்ட மரத்தில் சத்தமில்லாமல் ஒரு செ.மீ., இரண்டு செ.மீ. இறங்கும், நெம்பினால் ரஸ்க் உடைவதுபோல் சின்னச் சின்னத் துண்டாக உதிரும். வெளியே கெட்டியாக இருந்து உள்ளே பொந்தாகிப்போன தூணைச் சுத்தியல் காட்டிக்கொடுக்கும்: கணீரென்று வராமல் தொம்மென்று வரும். சுற்றளவில் நாலு பக்கமும் குத்திப் பாருங்கள். மூன்று பக்கம் கெட்டியாக இருந்து, மலைச்சரிவின் மேல்பக்கம் மட்டும் மெத்தென்று இருப்பது இங்கே சாதாரணம். மேலிருந்து வழிகிற தண்ணீரும் இலைக் குப்பையும் அந்தப் பக்கம்தான் தேங்கும். கெட்டதற்குச் சாக்பீஸில் பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த தூணுக்குப் போகலாம்.

கான்கிரீட் போட்டு நட்ட மரத்தூணை இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டும். நடும்போது கொஞ்சம் ஈரமாக இருந்த கற்பூர மரக் (யூகலிப்டஸ்) கம்பு, மூன்று மாதம் காய்ந்ததில் சுருங்கும். கான்கிரீட் சுருங்கி அதோடு போகாது. மார்ச்சில் பார்த்தால் மரத்தைச் சுற்றி ஒரு பத்து ரூபாய் நாணயம் செங்குத்தாக நுழையும் அளவுக்கு வளையமாக இடைவெளி தெரியும். அது ஒரு கிண்ணம். மழை வந்ததும் அதில் தண்ணீர் நிற்கும், தூண் வருஷம் பூராவும் கிண்ணத்துக்குள் ஊறும். கான்கிரீட் போட்டால் மரம் நிற்கும் என்று நம்பிச் செலவு செய்தவர்களுடைய தூண்கள், கல்லைப் போட்டுக் கெட்டித்த தூண்களுக்கு முன்னாலேயே விழுவதற்குக் காரணம் இந்தக் கிண்ணம்தான். இடைவெளியில் இருக்கும் மண்ணை ஒரு கம்பியால் கிளறி எடுத்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிட்டு, உருக்கிய தாரை ஊற்றி நிரப்புங்கள். கான்கிரீட்டின் மேல்தளம் குழிந்திருந்தால், அதன்மேல் ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்து, தூணிலிருந்து வெளிப்பக்கம் சரிவதுபோல் பூசவேண்டும். பூச்சு மண்மட்டத்துக்கு மேல் நாலு விரல் நிற்கட்டும். மார்ச் மாதக் காற்று பூச்சின் ஈரத்தை ஒரே மத்தியானத்தில் உறிஞ்சி வெடிக்க வைத்துவிடும் என்பதால், ஈரச் சாக்கைச் சுற்றி ஏழு நாளாவது நனைத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

பெருக்கல் குறி போட்ட தூணையெல்லாம் பிடுங்கவேண்டியதில்லை. கழுத்து மட்டும் கெட்டு, மேல்பாகம் நன்றாக இருந்தால் ஒட்டுக்கால் கொடுக்கலாம். 40 மி.மீ. இரும்பு ஆங்கிள், 5 மி.மீ. கனம், 120 செ.மீ. நீளம். பாதி மண்ணுக்குள், பாதி தூணோடு. 10 மி.மீ. போல்ட் இரண்டு, வாஷரோடு, தூணை ஊடுருவிப் போகவேண்டும். கெட்ட மரத்துக்கு மேலே, நல்ல மரத்தில். சரிவின் கீழ்ப்பக்கம் ஆங்கிள் வந்தால் வேலி சாய்கிற திசைக்கு அதுவே முட்டாகும். மண்ணுக்குள் போகிற பாகத்துக்கு இரண்டு கோட் பிட்டுமன் பூசிக் காயவைத்துப் பிறகு இறக்குங்கள்.

புதுத்தூண் நடுவதானால் அதன் நீளத்தில் நாலில் ஒரு பங்காவது, முடிந்தால் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகட்டும். குழியின் அடியில் ஒரு சாண் ஜல்லி. கற்பூர மரமோ சீகையோ (வாட்டில் மரம்), பட்டையை முழுக்க உரித்துவிடவேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவேதான் வண்டு குடியேறும், ஈரம் தங்கும். வெட்டிய கம்பை நிழலில் அடுக்கி இரண்டு மூன்று மாதம் வைத்தால்தான் மருந்து உள்ளே இறங்கும். போராக்ஸ் கரைசல் மண்ணில் நிற்கிற தூணுக்கு ஆகாது, மழை அதைக் கரைத்துக்கொண்டு போய்விடும். முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெய் நன்றாக நிற்கிறது. ஆனால் வெறுங்கையில் பட்டால் கொப்புளம் போடும், கையுறை கட்டாயம். பட்டறைக் கழிவு ஆயிலைத் தூணடியில் ஊற்றுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. தயவுசெய்து விட்டுவிடுங்கள். மலையில் எல்லோருடைய வேலிக்கும் கீழே யாரோ ஒருவருடைய ஊற்றுத் தண்ணீர் இருக்கிறது.

வேலிக் கோட்டில் நிற்கிற உயிர்மரத்தில் கம்பியை ஆணியடித்து இறுக்குவதும் வேண்டாம். மரம் பருத்து ஐந்தாறு வருஷத்தில் கம்பியை விழுங்கிக்கொள்ளும், அந்த இடத்தில் மரம் அழுகும். இடைஞ்சலாக இருக்கிறதே என்று மரத்தை வெட்டவும் முடியாது. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-இன்படி அனுமதி வாங்கவேண்டும். பக்கத்தில் தனித்தூண் நட்டுக் கம்பியை அதற்கு மாற்றுவதே வழி.

பலகை வேலியில் கோடையின் கைவரிசை ஆணியில் தெரியும். பச்சைக் கற்பூர மரப் பலகை 10 செ.மீ. அகலம் இருந்தால் காய்ந்து முடியும்போது அரை செ.மீ.க்குக் குறையாமல் சுருங்கும். சுருங்கும்போது ஆணியின் பிடி தளரும், பலகை முனை வில்லாக வளைந்து ஆணித்தலையை வெளியே தள்ளும். தள்ளிய ஆணியை மறுபடி சுத்தியலால் அடித்து உட்கார வைப்பது ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. பிடுங்கிவிட்டு, 20 மி.மீ. பலகைக்கு 50 மி.மீ. கால்வனைஸ் ஸ்க்ரூ போடுங்கள். பலகை முனையில் முதலில் துளை போட்டுக்கொள்வது அவசியம், 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ. துளை. இல்லாவிட்டால் கற்பூர மரம் நார் வழியே கீறிக்கொண்டு போகும். மார்ச்சில் பலகைகளுக்கு நடுவே சந்து பெரிதாகிவிட்டதே என்று நெருக்கிவைத்து அடிக்காதீர்கள். ஜூலையில் அவை உப்பி ஒன்றையொன்று தள்ளும். கதவுக்கும் அப்படித்தான்: கோடையில் 8 முதல் 10 மி.மீ. சந்து விட்டுத் தொங்கவிட்ட கதவு மழையில் சரியாக மூடும். கோடையில் சிக்கென்று பொருந்துகிற கதவை மழைக்காலத்தில் காலால் உதைத்துத் திறக்கவேண்டியிருக்கும்.

பெயின்ட் நேரம் மலையில் குறைவு. காலைப் பனி ஈரம் காய ஒன்பதரை, பத்து ஆகும். மூன்று மணிக்குமேல் அடித்த எனாமல் முழுதாய் உலருமுன் மூடுபனி வந்து உட்கார்ந்து மினுமினுப்பைக் கெடுத்துவிடும். நடுப்பகலில் நேர்வெயில் விழுகிற பக்கத்தில் அடித்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் சிக்கிக் கொப்புளம் கிளம்பும். ஆகவே வெயிலுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிவாருங்கள்: காலையில் மேற்குப் பக்கம், மத்தியானம் கிழக்குப் பக்கம். 30 மீட்டர் நீளம், 120 செ.மீ. உயரமுள்ள பலகை வேலிக்கு, சந்துபோக, இரண்டு முகமும் சேர்த்து 48 சதுர மீட்டர் வரும். சொரசொரப்பான மரத்தில் லிட்டருக்கு 8 சதுர மீட்டர்தான் ஓடும். இரண்டு கோட்டுக்கு 12 லிட்டர். பலகையின் மேல்முனை வெட்டுவாய்க்கு மட்டும் மூன்றாவது கோட் கொடுங்கள். மரம் தண்ணீரை உறிஞ்சுவது அந்த வாயால்தான்.

கம்பி வேலிக்கு வருவோம். கோடையில் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. நண்பகலில் கம்பி தொங்குவதைப் பார்த்துவிட்டு அப்போதே கம்பி இழுக்கும் புல்லரை மாட்டி விறைப்பாக இழுத்துவிடுவது. இரும்புக் கம்பி ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். 30 மீட்டர் கம்பி 25 டிகிரி வித்தியாசத்தில் 9 மி.மீ. கேட்பதற்கு ஒன்றுமில்லைதான். ஆனால் வெயிலில் 40 டிகிரிக்குக் காய்ந்திருக்கிற 12 கேஜ் நேர்க்கம்பியை இறுக்கிக் கட்டிவிட்டால், டிசம்பரில் பூஜ்யத்தைத் தொடும் இரவில் அது சுருங்க முடியாமல், கட்டியபோது இருந்த இழுவையோடு ஏறக்குறைய 50 கிலோ கூடுதலாக மூலைத்தூணை இழுக்கும். ஐந்து வரிசைக்கு 250 கிலோ. முட்டுக்கால் இல்லாத மூலைத்தூண் உள்பக்கம் சாய்வதற்கு இது போதும். சாய்ந்ததும் கம்பி மறுபடி தொய்யும், அடுத்த கோடையில் மறுபடி இறுக்குவார்கள். காலை எட்டரை, ஒன்பது மணிக்கு, கம்பி கையில் சில்லென்றும் இல்லாமல் சூடும் ஏறாமல் இருக்கும்போது இழுங்கள். இரண்டு தூணுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் இரண்டு விரற்கடை இறங்கலாம். இழுக்குமுன் மூலைத்தூணுக்கு முட்டுக்கால் இருக்கிறதா, அதன் அடி மண் காய்ந்து விலகியிருக்கிறதா என்று பாருங்கள். விலகியிருந்தால் கடப்பாரையின் மொட்டை முனையால் கெட்டித்துவிட்டு அப்புறம் புல்லர்.

துருவுக்கும் மலையில் ஒரு கெடு உண்டு. காலையில் ஒயர் பிரஷால் சுரண்டி வெளுத்த இரும்புக்கு அன்று மாலைக்குள் பிரைமர் ஏறவேண்டும். ராத்திரிப் பனியில் விட்டால் மறுநாள் செம்படலம் போர்த்திருக்கும், வேலை இரட்டிப்பு. கால்வனைஸ் கம்பியை வெட்டிய முனைகளுக்கும் வெல்டிங் வைத்த இடங்களுக்கும் சிங்க் பெயின்ட் தொட்டுவையுங்கள். சிமெண்ட் தூணில் நெடுக்காக மயிரிழை விரிசல் ஓடினால் உள்ளே கம்பி துருவேறி உப்புகிறது என்று பொருள். மேலே சிமெண்ட் பால் பூசி மறைப்பதில் பயனில்லை. தளர்ந்ததைக் கொத்தி, கம்பியைச் சுரண்டி, சிங்க் பிரைமர் அடித்து, பிறகுதான் பூச்சு. கல்தூணுக்கு ஒன்றும் வேண்டாம். அதன் விலைக்கு அது ஒன்றுதான் பதில்.

தகரம் அடித்த வேலி நீலகிரியில் நிறைய வீடுகளில் இருக்கிறது. கோடை மழைக்கு முன்னால் வருகிற காற்றுக்கு அது பாய்மரம். மணிக்கு 72 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டர் தகரத்தைச் சுமார் 25 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 3 மீட்டர் இடைவெளி, 180 செ.மீ. உயரம் என்றால் ஒரு தூணுக்கு 135 கிலோ. அதனால் தகர வேலிக்குத் தூண் இடைவெளி 2 மீட்டருக்கு மேல் வேண்டாம். ஆணித்துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அதே துளையில் பெரிய ஆணி அடிக்காமல், பக்கத்தில் புதுத்துளை போட்டு ரப்பர் வாஷரோடு ஸ்க்ரூ போடுங்கள். தகரத்தின் கீழ் விளிம்பு மண்ணைத் தொடக்கூடாது, மூன்று விரற்கடை தூக்கி நிற்கட்டும். மறைவுக்காகக் கட்டுகிற பச்சை வலை இந்த வெயிலில் சீக்கிரம் நைந்துபோகும். விரலால் இழுத்தால் நூலாகப் பிரிகிற வலையை உடனே கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பச்சைத் துணுக்காக உதிர்ந்து தோட்ட மண்ணிலும் ஓடையிலும் கிடக்கும்.

உயிர்வேலிக்காரர்களுக்கு இரண்டு விஷயம். உறைபனியில் கருகிய நுனியை ஜனவரியிலேயே நறுக்காதீர்கள். துளிர்த்த குருத்து அடுத்த பனியில் மறுபடி கருகும். கருகின இலையே கீழ்க்கிளைக்குப் போர்வை. மார்ச் வரட்டும். சைப்ரஸ் வேலியைப் பச்சை இருக்கிற அளவுக்குள் மட்டும் வெட்டவேண்டும். உள்ளே பழுப்பான கட்டைவரை வெட்டினால் அந்த ஓட்டை திரும்ப மூடாது, எத்தனை வருஷம் காத்திருந்தாலும்.

இன்னொன்று தீ. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை மலையில் தீக்காலம். வெள்ளைக்காரர்கள் வேலிக்கென்று கொண்டுவந்த மஞ்சள் பூ முட்செடி கார்ஸ், காடாய்ப் பரவிய உண்ணிச்செடி, உள்ளே சருகு அடைந்த சைப்ரஸ், இவை மூன்றும் ஒரு பீடித் துண்டுக்குக் காத்திருப்பவை. கார்ஸில் எண்ணெய்ச் சத்து அதிகம், பச்சையாக நிற்கும்போதே பற்றும். உயிர்வேலி வீட்டுச் சுவர்வரை வந்து முட்டக்கூடாது. கடைசி 3 மீட்டர் கல்லோ கம்பியோ ஆக இருக்கட்டும். வேலியின் இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் அகலத்துக்குக் காய்ந்த புல்லைச் செதுக்கிவிடுங்கள். உண்ணிச்செடியை மேலே வெட்டினால் இன்னும் அடர்ந்து வரும். மண்ணுக்கு மூன்று நாலு விரற்கடை கீழே வேர்க்கட்டையில் வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்துப் போடவேண்டும். வெட்டிய சருகை அங்கேயே கொளுத்துவது மட்டும் கூடவே கூடாது. குவித்து, மழை வந்தபின் மக்கவிடுங்கள்.

தண்ணீரும் பச்சையும் குறைகிற இந்த மாதங்களில்தான் காட்டுமாடும் கடமானும் பன்றியும் வீட்டோரம் வருகின்றன. வளர்ந்த ஆண் காட்டுமாடு ஒரு டன் வரை இருக்கும். டைமண்ட் வலை அதை நிறுத்தாது. அது வழக்கமாகப் போகிற தடத்தை மறிக்காமல் வேலியை உள்ளே தள்ளிக்கொள்வதுதான் நிலைக்கிற தீர்வு. இருட்டில் கண்ணுக்குத் தெரியும்படி மேல்கம்பியில் வெள்ளைத் தகடு தொங்கவிடுங்கள், அது ஓடிவந்து மோதுவது குறையும். பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் வலையை 30 செ.மீ. மண்ணுக்குள் இறக்கி, வெளிப்பக்கமாக மடித்துப் புதைக்கவேண்டும். சுருக்குக் கம்பி, வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பது, இரண்டும் குற்றம். வந்து மாட்டுவது பன்றியா, பக்கத்து வீட்டுக் குழந்தையா என்று அது பார்க்காது.

சோலார் வேலி முறையானது. காட்டை ஒட்டிய இடங்களில் அதற்கும் வனத்துறை அனுமதியும் பதிவும் வேண்டும் என்று தமிழக அரசு 2023-இல் விதி கொண்டுவந்திருக்கிறது. அந்த வேலி கோடையில் ஏன் செத்துப்போகிறது என்பதுதான் பலருக்குப் பிடிபடாத விஷயம். பேனலில் வெயில் நன்றாக விழுகிறது, கம்பிக்கு மின்துடிப்பு அனுப்புகிற எனர்ஜைசர் டிக் டிக்கென்று அடிக்கிறது, பன்றி உள்ளே வந்துவிட்டுப் போகிறது. காரணம் மண். கம்பியைத் தொட்ட மிருகத்தின் கால் வழியே மின்துடிப்பு மண்ணில் இறங்கி, மண் வழியாக, எனர்ஜைசரோடு இணைத்து மண்ணில் அடித்த எர்த் ராடுக்குத் திரும்பினால்தான் அடி விழும். காய்ந்த மண் அந்தத் திரும்பும் வழியை அடைத்துவிடுகிறது. சோதிக்க, வேலியின் கடைசி முனையில் கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவே இரும்புக் கம்பிகளைச் சாய்த்து, வேலி வோல்டேஜை 2000-க்குக் கீழே இறக்குங்கள். எனர்ஜைசரை அணைத்துவிட்டுச் சாய்க்கவும், பிறகு போடவும். இப்போது எர்த் ராடுக்கும், அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி மண்ணில் குத்திய இன்னொரு கம்பிக்கும் நடுவே வேலி டெஸ்டரால் பாருங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதவில்லை. குறைந்தது மூன்று ராடு வேண்டும், ஒன்றுக்கொன்று 3 மீட்டர் தள்ளி; பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகிற ஈரமான இடம் நல்லது. இல்லாவிட்டால் வாரம் இருமுறை ராடுக்கு ஒரு குடம் ஊற்றவேண்டும். அப்படியும் ஆகாத செம்மண் மேட்டில், ஒரு கம்பி விட்டு ஒரு கம்பியை எர்த்தோடு இணைத்துவிடலாம். இரண்டையும் சேர்த்துத் தொடுகிற மிருகத்துக்கு மண்ணின் தயவில்லாமலே அடி விழும். பாட்டரியில் தகடு மூழ்கி ஒரு செ.மீ. மேல் வாலைவடிநீர் (டிஸ்டில்ட் வாட்டர்) நிற்கட்டும், ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12-க்கு வந்துவிட்டால் சார்ஜ் ஏறவில்லை.

இவ்வளவும் முடிந்து முதல் கோடை மழை கொட்டிய மறுநாள் காலை, மண்வெட்டியோடு வேலியோரம் ஒருமுறை நடந்துவாருங்கள். காய்ந்து பொடியான மண் ஒரே மழையில் அமுங்கும். சில தூணடியில் குழி விழுந்து தண்ணீர் நின்றிருக்கும். சரிவின் மேல்பக்கம் நாலு விரல் ஆழத்துக்குப் பிறை மாதிரி ஒரு வாய்க்கால் கீறி, தண்ணீரைத் தூணைச் சுற்றித் திருப்பிவிட்டு, குழியைச் சரளை மண் போட்டு மிதித்து மூடுங்கள். ஒரு தூணுக்கு ஐந்து நிமிஷம் ஆகும்.